தொலைதூரத்துக்கு வீடு மாற்ற மூவர்ஸை அமர்த்துகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் சாமான்களைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பும்போது வரும் தகராறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பேசிய தொகை ஒன்று, கேட்கும் தொகை வேறு. சொன்ன தேதியில் வண்டி வராது. வந்தால் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். சாமான் வீட்டுக்குள் இருக்கும்வரை பேரம் உங்கள் கையில் இருக்கிறது. லாரிக் கதவைச் சாத்திய நிமிடமே அது அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி, ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே பேசுகின்றன.

போனில் சொன்ன தொகைக்கும் கடைசியில் கேட்கும் தொகைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

சாமானைப் பார்க்காமல் சொன்ன தொகை என்பதால். "இரண்டு பெட்ரூம் வீடா? சரி, இவ்வளவு ஆகும்" என்று இரண்டு நிமிடத்தில் சொல்பவருக்கு உங்கள் வீட்டில் எத்தனை அலமாரி, எத்தனை பெட்டி புத்தகம் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவசரமும் இல்லை. ஆர்டரைப் பிடிக்க வேண்டும், மீதியை வண்டி ஏற்றும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு.

ஒழுங்கான கம்பெனி ஆளை அனுப்பிப் பார்க்கும், அல்லது வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்லும். பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியில் இருப்பவை, மொட்டை மாடியில் போட்டு வைத்தவை எல்லாவற்றையும் அப்போதே காட்டிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்த பழைய சைக்கிள்தான் "லிஸ்ட்டில் இல்லாத சாமான்" என்று பிறகு பில்லில் ஏறும்.

கொட்டேஷன் எந்த வகை என்பதையும் கேட்க வேண்டும். முடிவான தொகை என்று எழுதித் தருவது ஒன்று. லிஸ்ட் மாறாதவரை அதுவும் மாறக்கூடாது. உத்தேசத் தொகை இன்னொன்று. அதில் உண்மையான எடையைப் பார்த்துப் பில் போடுவார்கள், கூடலாம் குறையலாம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சாமான்களுக்கு இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உத்தேசத் தொகை கொடுத்திருந்தால், இறக்கும் நேரத்தில் அதில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது, மிச்சத்தைப் பிறகு பில் அனுப்பித்தான் வாங்க வேண்டும். இப்படி ஒரு விதி இல்லாத இடங்களில், இதே வரம்பை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுவது நல்லது. மறுக்கிற கம்பெனி ஏன் மறுக்கிறது என்பது அந்த மறுப்பிலேயே தெரிந்துவிடும்.

எடைக் கணக்கில் ஏமாற்ற முடியுமா?

முடியும். எடை போடும் முறை எளிது: காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, சாமான் ஏற்றிய பின் இன்னொரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எடை. காலி வண்டியை டீசல் டேங்க் காய்ந்த நிலையில் எடை போட்டு, சாமான் ஏற்றிய பிறகு டேங்கை நிரப்பிக்கொண்டு மேடைக்கு வந்தால்? 200 லிட்டர் டீசலே சுமார் 165 கிலோ இருக்கும். நாலு ஆட்களும் கேபினில் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒரு 250, 300 கிலோ சேரும். அத்தனையும் உங்கள் சாமானாகக் கணக்கில் ஏறும்.

இரண்டு சீட்டிலும் ஒரே வண்டி எண் இருக்கிறதா, தேதியும் நேரமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எடை போடும்போது கூட வருவேன் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். சொன்னாலே போதும், பாதி விளையாட்டு நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் இறக்குவதற்கு முன் மறுபடி எடை போடச் சொல்லலாம்.

கன அடிக் கணக்கு பரவாயில்லையா?

பொதுவாக இதில் சண்டை அதிகம். எடைக்கு இயந்திரம் சீட்டு தருகிறது. வண்டியில் எவ்வளவு இடம் அடைத்தது என்பதை ஏற்றுபவர்தான் சொல்கிறார். நெருக்கி அடுக்கினால் 600 கன அடியில் முடிவதைத் தளர்த்தி அடுக்கி 800 ஆக்கிவிடலாம்.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வண்டியின் உள் அகலம் 8 அடி, உயரம் 8 அடி என்றால், நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் 64 கன அடி. பத்து அடி நீளத்துக்குக் கூரைவரை அடுக்கியிருந்தால் 640. ஏற்றி முடித்ததும் டேப்பால் அளந்து, திறந்த கதவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாமான்களுக்கு ஒரு கன அடிக்குச் சுமார் 7 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் எடை என்பது இந்தத் தொழிலில் பழகிய உத்தேசம். ஒரு கம்பெனி எடையிலும் மற்றொன்று கன அடியிலும் கொட்டேஷன் கொடுத்தால், இதை வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

நான் பேசியது ஒரு கம்பெனியோடு, வந்தது வேறு பெயர் போட்ட லாரி. இது என்ன?

நீங்கள் பேசியது இடைத்தரகரிடம். அவரிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. உங்கள் ஆர்டரை ஒரு விலைக்குப் பிடித்து, அதை எடுக்கச் சம்மதிக்கும் ஏதோ ஒரு டிரான்ஸ்போர்ட்டிடம் தள்ளிவிடுவார். தரகு வேலை பார்ப்பதில் தவறில்லை. பொறுப்பு யாருக்கு என்பதில்தான் சிக்கல். சாமான் உடைந்தால் தரகர், "நாங்கள் ஏற்பாடு மட்டும்தான் செய்தோம்" என்பார். லாரிக்காரர், "அந்தத் தொகையை நான் சொல்லவே இல்லையே" என்பார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: வண்டி உங்களுடையதா? இல்லை என்றால் யாருடையது? ஒப்பந்தத்தில் யார் பெயர்? வண்டி மாறி வந்தால், ஓட்டுநர் நீட்டும் காகிதத்தில் இருக்கும் பெயர் உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் ஏற்ற விடாதீர்கள். அன்றைக்கு வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் எல்லோரும் விட்டுக்கொடுக்கும் இடம் இதுதான். அதனால் முடிந்தால் காலி செய்யும் கடைசி நாளில் வண்டியை வரச் சொல்லாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி வையுங்கள்.

போலிக் கம்பெனியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் உள்ள நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, குறை சொல்லி எழுதியவர்களைப் படியுங்கள். ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளில் எந்த ஊர், என்ன சாமான் என்ற விவரமே இருக்காது. பெயர் தெரிந்த பெரிய கம்பெனியின் பெயரோடு ஒரு எழுத்தையோ ஒரு சொல்லையோ சேர்த்துக்கொண்டு நடத்துபவர்களும் உண்டு. பெயரை நம்பாமல், பெரிய கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

முகவரிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க முடிந்தால் அதைவிடச் சிறந்த சோதனை வேறு இல்லை. குடோனும் வண்டியும் இருக்கிறதா, ஒரு மேசையும் போனும் மட்டுமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு எண், உரிமம், வரி எண் இவற்றைக் கேட்டு வாங்கி அரசுத் தளத்தில் தட்டிப் பாருங்கள். காகிதத்தில் அச்சடித்திருப்பதால் மட்டும் எந்த எண்ணும் உண்மையாகிவிடாது.

விலையும் ஒரு அறிகுறி. மூன்று பேர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்லி, நாலாவது ஆள் பாதி சொன்னால், மீதிப் பாதி எங்கிருந்து வரும் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

எவ்வளவு அட்வான்ஸ் கொடுக்கலாம்?

எவ்வளவு குறைவோ அவ்வளவு. பெருந்தொகை இறக்கிய பிறகுதான் போக வேண்டும். அட்வான்ஸை யாருடைய தனிப்பட்ட கணக்குக்கும் அனுப்பாதீர்கள், கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். ரொக்கம் மட்டும் வாங்குவோம் என்பவரைத் தவிர்த்துவிடலாம். ரத்து செய்தால் அட்வான்ஸ் திரும்பி வருமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சாமானை ஏற்றிய பிறகு அதிகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் இறக்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தத் தொழிலில் மிக மோசமான நிலைமை இது. பாதி வழியில் போன் வரும்: எடை கூடிவிட்டது, சுங்கம் அதிகமாகிவிட்டது, இன்னும் இவ்வளவு போட்டால்தான் வண்டி நகரும். அல்லது புது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் பேரம் பேசுவார்கள்.

முதலில், போனில் வாக்குவாதம் செய்யாதீர்கள். "கூடுதல் தொகை எவ்வளவு, எதற்காக என்பதை மெசேஜில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பலர் அனுப்பத் தயங்குவார்கள். எழுதிக் கொடுத்தால் அதுவே மிரட்டலுக்குச் சாட்சியாகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். அனுப்பினால் உங்களுக்கு ஆதாரம் கிடைத்தது. வண்டி எண், ஓட்டுநரின் எண், எந்த இடத்தில் நிற்கிறது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றும் அன்றே வண்டியின் எண் பலகையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இப்போது கை கொடுக்கும்.

போலீஸுக்குப் போனால், "இது பணத் தகராறு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்ப வாய்ப்பு உண்டு. ஆகவே போகும்போது ஒப்பந்தம், கொடுத்த பணத்துக்கு ரசீது, கூடுதல் கேட்ட மெசேஜ் மூன்றையும் ஒன்றாக வையுங்கள். பேசிய தொகையைத் தரத் தயார், அதன் பிறகும் சாமானைத் தர மறுக்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொன்னால் அது வெறும் கட்டணச் சண்டையாகத் தெரியாது. கூடவே போக்குவரத்து ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் புகார் எழுதுங்கள். உரிமம் உள்ள கம்பெனிக்கு அந்த உரிமத்தைப் பற்றிய பயம் இருக்கும். உரிமமே இல்லாதவரிடம் இது எடுபடாது, ஏற்றுவதற்கு முன் உரிமத்தைச் சரிபார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

சில சமயம் வேறு வழியே இருக்காது. மருந்து, குழந்தையின் சாமான், வேலைக்கான கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளே மாட்டியிருக்கும். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கி வழியாகக் கட்டுங்கள். ரசீதில் "எதிர்ப்புத் தெரிவித்தே செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் அதே நிமிடத்தில் அவர்கள் எண்ணுக்கு அப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "அவரே சம்மதித்துக் கொடுத்தார்" என்று பிறகு வாதாட முடியாது.

இன்சூரன்ஸ் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். போதாதா?

எந்த இன்சூரன்ஸ் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று விதம்.

முதலாவது, சட்டப்படி கம்பெனிக்கு உள்ள அடிப்படைப் பொறுப்பு. இது இன்சூரன்ஸே இல்லை, தொகையும் மிகக் குறைவு. அமெரிக்காவில் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படைப் பொறுப்பு, ஒரு பொருளின் எடையில் பவுண்டுக்கு 60 சென்ட். 10 கிலோ டிவி உடைந்தால் சுமார் 13 டாலர்தான் வரும், டிவி என்ன விலையாக இருந்தாலும் சரி. இந்தியாவில் 2011ஆம் ஆண்டு சாலைச் சரக்கு விதிகளின்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, கம்பெனியே ஒரு சதவீதம் வாங்கிக்கொண்டு "ரிஸ்க் கவர்" என்று கொடுப்பது. உடைந்தால் அந்தக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் மனமும் பணமும் அதனிடம் இருந்தால் கிடைக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான இன்சூரன்ஸ் கம்பெனி தரும் பாலிசி. உங்கள் பெயர், புறப்படும் இடம், சேரும் இடம், தொகை எல்லாம் அதில் இருக்கும். பாலிசி எண்ணை வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போன் செய்து விசாரியுங்கள். பில்லில் இன்சூரன்ஸ் என்று ஒரு வரி போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு பாலிசியே எடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

பாலிசி உண்மையானதாகவே இருந்தாலும் மூன்று இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, மதிப்பைக் குறைத்துச் சொல்வது. பிரீமியத்தை மிச்சப்படுத்த 10 லட்சம் மதிப்புள்ள சாமானை 5 லட்சம் என்று சொன்னால், 2 லட்சத்துக்குச் சேதம் ஆகும்போது ஒரு லட்சம்தான் தருவார்கள். பாதிக்குத்தான் காப்பு எடுத்தீர்கள், நஷ்டத்திலும் பாதிதான் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு, வெளியே கீறலே இல்லாமல் டிவியோ ஃபிரிட்ஜோ வேலை செய்யாமல் போனால் பல பாலிசிகள் தராது. மூன்று, நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவை.

அப்படியென்றால் பேக்கிங்கை நாமே செய்யக் கூடாதா?

துணி, பாத்திரம், புத்தகம் ஆகியவற்றை நீங்களே கட்டலாம், செலவும் குறையும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் கட்டுங்கள், பெரிய பெட்டியில் அடுக்கினால் அடி பிய்ந்துகொள்ளும். கண்ணாடி, பீங்கான், டிவி, படச் சட்டம் ஆகியவற்றை அவர்களிடம் விட்டுவிடுங்கள். லிஸ்ட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் யார் கட்டியது என்று குறிப்பார்கள், சில நாடுகளில் "பிபிஓ" (Packed by Owner, உரிமையாளரே கட்டியது) என்ற மூன்று எழுத்தாக இருக்கும். அந்தக் குறி விழுந்த பெட்டி வெளியே நசுங்காமல் வந்து உள்ளே உடைந்திருந்தால், பொறுப்பு உங்களுடையது என்றே சொல்வார்கள். அவர்கள் கட்டிய பெட்டியில் தவறுதலாக அந்தக் குறி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில நேரம் அது தவறுதலும் இல்லை.

பேக்கிங் லிஸ்ட்டில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பொருளின் நிலையைப் பற்றி அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை. புது சோபாவுக்குக்கூட "கீறல், தேய்மானம், கறை" என்று வரிசையாக எழுதி வைப்பார்கள். பிறகு கிழிந்து வந்தால் "ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது" என்பதற்கான முன்னேற்பாடு. ஒத்துக்கொள்ளாததை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஏற்றும் முன்னால் ஒவ்வொரு பெரிய பொருளையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மின்சாதனங்களை ஓட விட்டு ஒரு வீடியோ எடுங்கள்.

பெட்டிகளுக்கு எண் இருக்க வேண்டும். "சமையலறை சாமான், 9 பெட்டி" என்று மொத்தமாக எழுதினால், எட்டு வந்து சேரும்போது எது வரவில்லை என்று நிரூபிக்க முடியாது. காலியாக இருக்கும் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது, "பிறகு நிரப்பிக்கொள்கிறோம் சார்" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும்.

சொன்ன தேதிக்கு வண்டி வரவில்லை. யாரைக் கேட்பது?

முழு லாரியா, பார்ட் லோடா என்பதைப் பொறுத்தது. முழு லாரி என்றால் உங்கள் சாமான் மட்டும் நேராகப் போகும், தாமதத்துக்குச் சாக்குக் குறைவு. பார்ட் லோடில் மூன்று நாலு வீட்டுச் சாமான்கள் ஒன்றாகப் போகும். வண்டி நிரம்பும்வரை குடோனில் கிடக்கும், வழியில் வேறு வண்டிக்கும் மாறலாம். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் உடைவதற்கும் தொலைவதற்கும் இன்னொரு வாய்ப்பு. சாமான் குறைவாக இருந்தால் பார்ட் லோடுதான் கட்டுப்படியாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் வண்டி மாறுமா என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

தேதி விஷயத்தில் "சீக்கிரம் வந்துவிடும்" என்பதற்கு மதிப்பில்லை. இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் என்று எழுத்தில் வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு எவ்வளவு குறைப்பார்கள் என்பதும் இருந்தால், உங்கள் சாமான் முதலில் வரும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை எப்படியும் கையோடு எடுத்துப் போங்கள்.

மாடிப்படிக்கும் தூரத்துக்கும் தனிப் பணம் கேட்கலாமா?

முன்பே சொல்லியிருந்தால் கேட்கலாம். புது வீட்டில் லிஃப்ட் இருக்கிறதா, அதில் கட்டில் நுழையுமா, பெரிய லாரி தெருவுக்குள் வருமா என்பதை நீங்களும் சொல்லியிருக்க வேண்டும். லாரி வராவிட்டால் சின்ன வண்டியில் மாற்றிக் கொண்டுவருவார்கள், அது தனிச் செலவு. புது வீட்டுத் தெருவை வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால் இந்தப் பேச்சே வராது.

எதையெல்லாம் வண்டியில் ஏற்றக் கூடாது?

நகை, பணம், பத்திரம், சான்றிதழ், பாஸ்போர்ட், மருந்து, ஹார்டு டிஸ்க். இவை உங்களோடு வர வேண்டும். கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், ஆசிட், பட்டாசு, பெட்ரோல் இருக்கும் எதையும் ஒழுங்கான கம்பெனி எடுக்காது. பைக் அனுப்பினால் டேங்கைக் காலி செய்து கொடுங்கள். யாருக்கும் சொல்லாமல் பெட்டிக்குள் பெயின்ட் டின்னை வைத்து, அது கொட்டி நாசமானால், நஷ்ட ஈடு கேட்க வாய் இருக்காது.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு என்ன செய்ய வேண்டும்?

ஃபிரிட்ஜை முந்தின நாளே நிறுத்தி, ஐஸ் உருகித் துடைத்துக் காய விடுங்கள். நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் உடனே ஓட விடாமல் சில மணி நேரமாவது நிமிர்ந்து நிற்கட்டும், கம்ப்ரஸர் ஆயில் இறங்க வேண்டும். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது பின்னால் மாட்டி வந்த போல்ட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்பவை அவை. தேடி எடுத்து மாட்டி அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் கழற்ற மறந்துவிடாதீர்கள்.

இறக்கும்போது கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்துகிறார்கள். போட்டுவிடலாமா?

லிஸ்ட்டை வைத்து எண்ணி முடிக்கும்வரை வேண்டாம். ஒருவர் வாசலில் நின்று எண்ணை டிக் செய்தால் போதும். நசுங்கிய பெட்டி, வராத பெட்டி, உடைந்த கால் என எல்லாவற்றையும் அவர்கள் கொண்டுபோகும் பிரதியிலேயே எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "சரிபார்க்கவில்லை" என்று பொதுவாக எழுதுவதைவிட "17ஆம் எண் பெட்டி நனைந்திருக்கிறது" என்று எழுதுவதற்குப் பலம் அதிகம். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சடித்த வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே உடைந்திருக்கிறது. இனி கேட்க முடியுமா?

முடியும், ஆனால் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிப்பதை நிறுத்தி அப்படியே போட்டோ எடுங்கள். பெட்டியையும் பபிள் ஷீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தால் பேக்கிங்கைத்தான் முதலில் பார்ப்பார். அன்றே கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் மெயில் போய்விட வேண்டும். பாலிசிகளில் சில நாள் கெடுதான் இருக்கும்.

சட்டக் கெடு வேறு. இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. அமெரிக்காவில் மாநிலம் தாண்டிய சாமானுக்குக் கம்பெனி குறைந்தது 9 மாதம் அவகாசம் தர வேண்டும். போனில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. "பார்க்கிறோம் சார், அடுத்த வாரம் ஆள் வருவார்" என்று மாதக்கணக்கில் இழுப்பது கெடு தாண்டட்டும் என்றுதான். அவர்கள் எவ்வளவு நல்லவிதமாகப் பேசினாலும் நோட்டீஸ் போகட்டும்.

புது வீடு தயாராகவில்லை. குடோனில் வைக்கச் சொல்லலாமா?

கொஞ்ச நாள் என்றால் சொல்லலாம். எத்தனை நாள்வரை அது "வழியில் இருக்கும் சரக்கு", எந்த நாளிலிருந்து குடோன் சரக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பயண இன்சூரன்ஸ் செல்லாது, பொறுப்பும் குடோன்காரருக்கு மாறிவிடும். இறக்கியதற்கும் மறுபடி ஏற்றுவதற்கும் தனிக் கூலி உண்டா என்பதும் அதே காகிதத்தில் வர வேண்டும். குடோனிலிருந்து எடுக்கும் அன்று லிஸ்ட்டை வைத்து மறுபடி எண்ணுங்கள், புது வீட்டு வாசலில் இல்லை, குடோன் வாசலிலேயே.